உம்மணாமூஞ்சித் தளபதியின் இரவு விமானம்

1939ஆம் ஆண்டு ஜூன் மாதம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், வானத்தில் ஓர் ஒற்றை இன்ஜின் விமானம் பறந்துகொண்டிருந்தது. அதன் பின்பகுதியில் இருந்த சிறிய இடத்தில் இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருவர் தலையையும் ஒரே கறுப்புத் துணி மூடியிருந்தது. பழைய காலத்துப் போட்டோகிராபர்கள் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்வார்கள் அல்லவா? அதுபோல!

ஒருவர் எட்வர்ட் போவன் என்ற இளம் விஞ்ஞானி. வயது 28. இன்னொருவர் பிரிட்டனின் சண்டை விமானங்களுக்கெல்லாம் தலைமைத் தளபதி. அவருக்கு வயது 57. பெயர் ஹியூ டவுடிங்.

துணிக்குள் அவர்கள் பார்த்தது ஒரு சிறிய கண்ணாடித் திரை. அதில் ஒரு வெளிச்சக் கோடு. கோட்டில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு முண்டு. அந்த முண்டுதான் முன்னால் பறந்துகொண்டிருந்த இன்னொரு விமானம்! கண்ணால் பார்க்காமலே அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டது அந்தக் கருவி.

கீழே இறங்கியதும் டவுடிங் அந்த இளைஞரிடம் நீண்ட நேரம் பேசினார். என்ன பேசினார் என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. அதற்கு முன் அவர் யார் என்று பார்த்துவிடலாம்.

ஹியூ டவுடிங் 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று, ஸ்காட்லாந்தில் மொஃபட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார். வாத்தியார் பிள்ளை என்றால் படிப்பில் சூரப்புலியாக இருப்பான் என்றுதானே ஊர் நினைக்கும்? டவுடிங் அப்படியில்லை. கிரேக்க மொழிப் பாடம் அவருக்கு வேப்பங்காய். ராணுவத்துக்குப் போகிற மாணவர்களின் வகுப்பில் சேர்ந்தால் கிரேக்கம் படிக்க வேண்டாம் என்று தெரிந்ததும் அதில் சேர்ந்துவிட்டார். இப்படித்தான் அவர் ராணுவ வீரர் ஆனார்! அங்கேயும் பொறியாளர் பிரிவுக்கு வேண்டிய மதிப்பெண் கிடைக்கவில்லை. பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங், பிறகு இந்தியா என்று பல இடங்களில் வேலை பார்த்தார்.

அவர் அதிகம் பேசமாட்டார். சிரிப்பதும் அபூர்வம். அதனால் உடன் இருந்தவர்கள் அவருக்கு 'ஸ்டஃபி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், உம்மணாமூஞ்சி! அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை.

விமானம் புதிதாக வந்த காலம் அது. அப்பாவுக்குப் பிடிக்காத போதும், டவுடிங் 1913 டிசம்பரில் விமானி உரிமம் வாங்கினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. டவுடிங் பிரான்சில் விமானப் பிரிவுகளுக்குத் தலைமை தாங்கினார். 1916இல் சோம் நதிக்கரையில் நடந்த பெரும்போரில் அவருடைய விமானிகள் நாள்தோறும் செத்து விழுந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மேலதிகாரி டிரென்சார்டிடம் கேட்டார். மேலதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. டவுடிங்கை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். சரியென்று பட்டதை முகத்துக்கு நேரே சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் அப்போதே அவரிடம் இருந்தது.

1918இல் கிளாரிஸ் என்பவரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் நோயுற்று இறந்துபோனார். கையில் ஒன்றரை வயதுக் குழந்தை டெரிக். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டவுடிங் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய சகோதரி ஹில்டா வீட்டைக் கவனித்துக்கொண்டார். டவுடிங் வேலை, வேலை என்று அதிலேயே மூழ்கிப்போனார்.

1930களில் ஐரோப்பாவில் ஒரு பயம் பரவியிருந்தது. இனி போர் வந்தால் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாக வந்து ஊர்களை அழித்துவிடும், அவற்றைத் தடுக்கவே முடியாது என்று பெரிய பெரிய தலைவர்களே நம்பினார்கள். டவுடிங் மட்டும் நம்பவில்லை. அப்போது அவர் விமானப்படையின் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தார். 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி என்ற ஊருக்கு அருகே வயல்வெளியில் ஒரு சோதனை நடந்தது. ராபர்ட் வாட்சன் வாட் என்ற விஞ்ஞானியும் அவருடைய உதவியாளர் வில்கின்ஸும், ரேடியோ அலைகள் விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கருவியில் காட்டினார்கள். இந்தச் சோதனையைச் செய்துகாட்டுங்கள், பிறகு பணம் தருகிறேன் என்று கேட்டவரே டவுடிங்தான். சொன்னபடி பணமும் வாங்கித் தந்தார். அதுதான் ரேடார்.

ரேடார் எப்படி வேலை செய்கிறது? கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஓ" என்று கத்தியிருப்பீர்களே? சத்தம் கீழே போய்ப் பட்டுத் திரும்பி வருகிறது. ஆழமான கிணறு என்றால் சற்று நேரம் கழித்து வரும். அந்த நேரத்தை அளந்தால் ஆழத்தைச் சொல்லிவிடலாம். எதிரொலிப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு நான் ரேடாரையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். ரேடாரில் சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

1936இல் சண்டை விமானப் படைக்கு டவுடிங் தலைவரானார். கடற்கரையோரம் ரேடார் கோபுரங்கள் எழுந்தன. கோபுரத்திலிருந்து தொலைபேசி வழியே செய்தி தலைமையகத்துக்கு வரும். அங்கே பெரிய மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் எதிரி விமானங்களின் இடத்தைக் குறிப்பார்கள். அங்கிருந்து விமானிகளுக்கு உத்தரவு போகும். இந்த ஏற்பாடு முழுவதும் அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது. விமானிகளுக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டபோது அதிகாரிகள் சிரித்தார்களாம். அமெரிக்காவில் சிகாகோ நகரக் கொள்ளைக்காரர்களின் காரிலேயே அந்தக் கண்ணாடி இருக்கும்போது, நம் விமானிகளுக்கு ஏன் கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டார். கண்ணாடி வந்தது.

1940 ஜூலையில் ஜெர்மனியின் விமானங்கள் பிரிட்டனைத் தாக்கத் தொடங்கின. அக்டோபர் வரை நீடித்த இந்தப் போரைப் 'பிரிட்டன் போர்' என்கிறார்கள். ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் என்ற சிறிய சண்டை விமானங்களும் ரேடாரும் சேர்ந்து பகல் தாக்குதலை முறியடித்தன. டவுடிங்கின் ஒரே மகன் டெரிக்கும் ஸ்பிட்ஃபயர் விமானியாகப் பறந்தார். தலைமையகத்தில் அப்பா உத்தரவு போட, வானத்தில் மகன். அந்த அப்பா எப்படித்தான் தூங்கினாரோ!

இதே போரில் ஜெர்மனி 'மெஸ்ஸர்ஷ்மிட் 110' என்ற விமானத்தையும் இறக்கியது. இரண்டு இன்ஜின், இரண்டு மூன்று பேர் உட்காரும் இடம், முன்பக்கம் பலமான ஆயுதங்கள். இப்படிப்பட்டவற்றைக் கனரகச் சண்டை விமானம் என்பார்கள். ஜெர்மன் தளபதி கோயரிங்குக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. தன் குண்டுவீச்சு விமானங்களுக்கு அதைக் காவலாக அனுப்பினார். ஆனால் என்ன ஆயிற்று? சிறிய ஹரிகேனும் ஸ்பிட்ஃபயரும் சட்டென்று வளைந்து திரும்பி அதன் பின்னால் வந்துவிட்டன. லாரி ஒன்று சைக்கிளோடு சந்துக்குள் ஓட்டப்பந்தயம் வைத்தது போல! கடைசியில் காவலுக்கு வந்த விமானத்துக்கே காவல் தேவைப்பட்டது.

அப்படியென்றால் கனரக விமானம் உதவாக்கரையா? இல்லை. அதற்கு ஏற்ற வேலை வேறு.

இப்போது கறுப்புத் துணிக் கதைக்கு வருவோம். பகலில் தோற்றால் எதிரி இரவில் வருவான் என்று டிசார்ட் என்ற விஞ்ஞானி 1936லேயே டவுடிங்குக்கு எழுதியிருந்தார். இரவில் தரையிலுள்ள ரேடார் மட்டும் போதாது. எதிரிக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில்தான் அது கொண்டுபோய் விடும். பகலில் அந்தத் தூரத்திலிருந்து கண்ணால் பார்த்துவிடலாம். இரவிலோ சில நூறு மீட்டர் நெருங்கினால்தான் எதுவும் தெரியும். ஆகவே விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி ரேடார் வேண்டும். போவன் குழுவினர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

அன்று போவனிடம் டவுடிங் சொன்னவை இவை. இரவுச் சண்டை விமானத்துக்கு இரண்டு ஆட்கள் வேண்டும். திரையின் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. ஆகவே திரையைப் பார்க்க ஒருவர், வெளியே பார்த்து ஓட்ட இன்னொருவர். கருவியையும் ஆளையும் சுமக்க விமானம் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு இன்ஜின் வேண்டும். இருட்டில் நெடுநேரம் சுற்றும் அளவுக்கு எரிபொருள் வேண்டும். ஒரு முறை எதிரியைத் தவறவிட்டால் திரும்பப் பிடிப்பது கடினம் என்பதால், கிடைக்கும் ஒரு சில விநாடிகளிலேயே வீழ்த்தும் அளவுக்கு ஆயுதம் வேண்டும். சுடுவதற்கு முன் எதிரிதானா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யவும் வேண்டும்.

போர் தொடங்குவதற்கு முன்பே இத்தனையையும் யோசித்துவிட்டார் மனிதர்! ஆனால் யோசனை இருந்தது, விமானம் இல்லை.

கையில் இருந்தது பிளென்ஹீம். குண்டுவீச்சு விமானமாகச் செய்யப்பட்டதை வயிற்றுப் பக்கம் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திச் சண்டை விமானமாக மாற்றியிருந்தார்கள். இடம் தாராளம். ரேடாரும் வைக்கலாம். ஆனால் வேகம் போதவில்லை. மணிக்கு 450 கி.மீ. போவதே பெரும்பாடு. ஜெர்மனியின் யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானமோ அதைவிட வேகமாகப் போகும். திருடனைவிட மெதுவாக ஓடும் போலீஸ்காரர் எப்படித் திருடனைப் பிடிப்பார்? 1940 ஜூலையில் ஒரு பிளென்ஹீம், விமானத்துக்குள் வைத்த ரேடாரின் துணையோடு ஓர் எதிரி விமானத்தை இரவில் வீழ்த்தியது. உலகிலேயே அது முதல் முறை. ஆனாலும் அப்படிப்பட்ட வெற்றி அபூர்வமாகவே கிடைத்தது.

ஹரிகேனை அனுப்பலாமே? அது சுமார் 3 டன் எடையுள்ள சிறிய விமானம். ஓர் ஆள்தான் உட்கார முடியும். ரேடாருக்கு இடமில்லை. எட்டுத் துப்பாக்கிகள் இருந்தும், ஒவ்வொரு குண்டும் சுமார் 11 கிராம்தான்.

டவுடிங் காத்திருந்தது பியூஃபைட்டர் என்ற விமானத்துக்காக. பிரிஸ்டல் நிறுவனம் தயாரித்தது. 1939 ஜூலையில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு பெரிய இன்ஜின்கள். முழுச் சுமையோடு 9 டன்னுக்கு மேல் எடை, அதாவது மூன்று ஹரிகேன்கள்! மணிக்கு 500 கி.மீ.க்குச் சற்று மேலே போகும். மூக்கின் அடியில் 20 மில்லிமீட்டர் பீரங்கித் துப்பாக்கிகள் நான்கு. அதன் ஒரு குண்டு சுமார் 130 கிராம். உள்ளே வெடிமருந்தும் உண்டு. போதாததற்கு இறக்கைகளில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். வளைந்து திரும்பும் சண்டையில் இது ஸ்பிட்ஃபயரிடம் நிற்காது. ஆனால் இரவில் தனியாக வரும் குண்டுவீச்சு விமானம் அப்படி வளைவதில்லை. சத்தமில்லாமல் பின்னால் போய் நெருங்கி ஒரே ஒரு முறை சுட்டால் போதும். மெஸ்ஸர்ஷ்மிட் 110 எங்கே தோற்றதோ அந்த வேலை வேறு. இந்த வேலை வேறு.

சிக்கல் என்னவென்றால், 1940 இலையுதிர்காலத்தில் பியூஃபைட்டர்கள் ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்துசேர்ந்தன. வந்தவற்றிலும் இன்ஜின் கோளாறு, ரேடார் கோளாறு. செப்டம்பர் 7இல் தொடங்கி லண்டன் மீது 57 இரவுகள் தொடர்ந்து குண்டு விழுந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சுரங்க ரயில் நிலையங்களில் போய்ப் படுத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

ஏதாவது செய்யுங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் டவுடிங்கை நெருக்கினார்கள். ஒரு குழு அமைக்கப்பட்டது. ஹரிகேன்களை இரவில் அனுப்புங்கள் என்றது குழு. டவுடிங் மறுத்தார். இருட்டில் கண் தெரியாமல் சுற்றினால் நம் விமானிகள்தான் விழுந்து சாவார்கள், ரேடாரும் பியூஃபைட்டரும் சேர்ந்து வேலை செய்யும்வரை வேறு வழியில்லை என்று பிடிவாதமாக நின்றார். பகலெல்லாம் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவில் சோதனைகளைப் பார்க்க விமானத் தளத்துக்குப் போய்விடுவார்.

பிள்ளைகளே, குழுவில் இருந்தவர்களை வில்லன்களாக நினைத்துவிடாதீர்கள். தினமும் இரவில் மக்கள் சாகும்போது, பொறுங்கள் பொறுங்கள் என்று சொல்கிறவர்மேல் யாருக்குத்தான் கோபம் வராது? டவுடிங்கும் தன் பக்கத்து நியாயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லத் தெரியாதவர். உம்மென்று இருந்தார். விமானப் பிரிவுத் தலைவர்களுக்குள் நடந்த சண்டையையும் அவர் தீர்த்துவைக்கவில்லை. அது அவருடைய குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 14 இரவு. ஏறத்தாழ 450 விமானங்கள் கோவென்ட்ரி நகரத்தின் மீது குண்டு பொழிந்தன. 500க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பழம்பெரும் தேவாலயம் எரிந்து சுவர்கள் மட்டும் நின்றன. அன்றிரவு நூற்றுக்கு மேற்பட்ட தடவை பிரிட்டனின் சண்டை விமானங்கள் மேலே போயின. அவற்றால் ஒன்றையும் வீழ்த்த முடியவில்லை. அதற்குள் டவுடிங்கை நீக்க முடிவும் எடுத்தாகிவிட்டது.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். நவம்பர் 19 இரவு ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி பியூஃபைட்டரில் கிளம்பினார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் ரேடார் திரையைப் பார்த்து வழி சொன்னார். ஒரு யுங்கர்ஸ் 88ஐ வீழ்த்தினார்கள். ரேடாருடன் பியூஃபைட்டர் பெற்ற முதல் வெற்றி அது! அந்த நவம்பர் முடிவதற்குள் டவுடிங் தம் மேசையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். சில நாள் வித்தியாசம்தான்.

1941 ஜனவரியில் இன்னொரு வசதியும் வந்தது. தரையில் சுழலும் புதுவகை ரேடார். கண்ணாமூச்சி விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டவனுக்கு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் "இடது பக்கம் போ, வலது பக்கம் போ" என்று சொன்னால் எவ்வளவு சுலபம்! தரை ரேடார்தான் அந்த அண்ணன். பக்கத்தில் கொண்டுவந்து விட்டதும், விமானத்தில் இருக்கும் ரேடார் கைநீட்டித் தொடுவது போல மீதி வேலையை முடிக்கும். விமானத்து ரேடாரின் எல்லை, விமானம் பறக்கும் உயரம் அளவுதான். 4,500 மீட்டர் உயரத்தில் பறந்தால் 4,500 மீட்டர் தூரம்வரைதான் தெரியும். அதற்கு மேல் தரையிலிருந்து வரும் எதிரொலி திரையை மூடிவிடும். அதனால்தான் அண்ணனும் தேவை, கையும் தேவை.

பின்னால் இருப்பவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு பீரங்கித் துப்பாக்கிக்கும் 60 குண்டுகள் கொண்ட உருளை ஒன்று. தீர்ந்துபோனால் கும்மிருட்டில், ஆடும் விமானத்தில், கனமான புது உருளையைத் தூக்கி மாட்ட வேண்டும்!

1941 ஜனவரியில் பிரிட்டனின் இரவுச் சண்டை விமானங்கள் வீழ்த்தியதாகக் கணக்கு வைத்தவை 3. மே மாதத்தில் 96. அந்த மாதத்தோடு பெரும் இரவுத் தாக்குதல்கள் ஓய்ந்தன. ஹிட்லர் தன் படைகளை ரஷ்யாவின் பக்கம் திருப்பியதுதான் அதற்கு முக்கியக் காரணம். ஆனால் தாக்குதல் தொடர்ந்திருந்தாலும், பழையபடி பயமில்லாமல் வந்துபோக முடிந்திருக்காது.

கன்னிங்ஹாமுக்கு 'பூனைக்கண்' என்று பெயர் வந்தது. ரேடார் இரகசியம் வெளியே தெரியக்கூடாது அல்லவா? காரட் நிறையத் தின்பதால் அவருக்கு இருட்டில் கண் தெரிகிறது என்று செய்தி பரப்பினார்கள். காரட் கண்ணுக்கு நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கும்மிருட்டில் விமானம் தெரியாது!

இதில் இன்னொரு விந்தை. பகலில் அவமானப்பட்ட அதே மெஸ்ஸர்ஷ்மிட் 110ஐ ஜெர்மானியரும் இரவு வேலைக்கு மாற்றினார்கள். பின்னர் அதில் ரேடாரும் பொருத்தினார்கள். ஜெர்மன் நகரங்களின் மீது குண்டு போட வந்த பிரிட்டிஷ் விமானங்களை அது நூற்றுக்கணக்கில் வீழ்த்தியது. அந்த நகரங்களிலும் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

டவுடிங்குக்கு என்ன ஆயிற்று? 1941 மார்ச்சில் பிரிட்டன் போர் பற்றி அரசாங்கம் ஒரு சிறு நூல் வெளியிட்டது. பல இலட்சம் பிரதிகள் விற்றது. அதில் டவுடிங்கின் பெயரே இல்லை! பிரதமர் சர்ச்சிலே அதைப் பார்த்துக் கோபப்பட்டார். 1942இல் டவுடிங் ஓய்வுபெற்றார். 1943இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. விமானப்படையின் மிக உயர்ந்த பதவி மட்டும் கடைசிவரை தரப்படவில்லை.

அவர் அதைப் பற்றி ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. போரில் இறந்த இளைஞர்களின் நினைவு அவரை விட்டுப் போகவில்லை. மறுமையைப் பற்றி ஆராய்ந்து நூல்கள் எழுதினார். இறந்தவர்களோடு பேச முடியும் என்றுகூட நம்பினார். பலர் கேலி செய்தார்கள். 1951இல் மியூரியல் என்பவரை மணந்தார். இறைச்சி உண்பதை விட்டுவிட்டார். பிரபுக்கள் சபையில் எழுந்து, விலங்குகளை வதைக்கக் கூடாது என்று பேசினார்.

1969இல் 'பிரிட்டன் போர்' என்ற பெயரில் ஒரு திரைப்படம் வந்தது. டவுடிங்காக நடித்தவர் புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியர். படப்பிடிப்பு நடந்த இடத்துக்கு எண்பது வயது தாண்டிய டவுடிங்கைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 15 அன்று அவர் காலமானார். அவருடைய அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், விமானப்படையினருக்கான சிறு வழிபாட்டு இடத்தில் வைக்கப்பட்டது. 1988இல் லண்டனில் விமானப்படையின் தேவாலயத்துக்கு வெளியே அவருக்குச் சிலை எழுப்பினார்கள். சிலையிலும் அவர் சிரிக்கவில்லை.